ஏற்கத்தக்க துன்பம்

எந்தத் துன்பம் ஏற்கத்தக்கது, எது ஏற்கத்தகாதது என்று எனக்கு முதன்முதலில் விளக்கியவர் அப்போது இறால் வறுவலை முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தார். மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதி. மனித உரிமைப் புகார்களைச் சர்வதேச அமைப்புகளிடம் எடுத்துச் செல்வது எப்படி என்று இரண்டு நாள் பயிற்சி. வந்தவர்களுக்கெல்லாம் ஒரு சணல் பை, ஒரு பேனா, கழுத்தில் தொங்கவிட ஓர் அட்டை. சித்திரவதை பற்றிய அமர்வு முடிந்ததும் இளநீர் கொடுத்தார்கள். வழுக்கை வேண்டுமா, தண்ணீர் போதுமா என்றுகூடக் கேட்டார்கள். அந்த இரண்டு நாளில் எங்களிடம் விருப்பம் கேட்கப்பட்ட ஒரே இடம் அதுதான்.

நான் மனித உரிமைக்காரி அல்ல. நாவலூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டர். ஒரு படிவத்தை யாராவது தப்பாக நிரப்பினால் அது உள்ளே போகாமல் தடுக்கப்படுகிறதா என்று பார்ப்பது என் வேலை. தொலைபேசி எண் கேட்ட இடத்தில் பெயரை எழுதிப் பார்ப்பேன், பிறந்த தேதி கேட்ட இடத்தில் நாளைய தேதியைப் போட்டுப் பார்ப்பேன். எங்கள் நிறுவனம் ஆண்டுக்கு ஒருமுறை நல்ல காரியம் செய்யும். அந்த ஆண்டின் நல்ல காரியம், இந்தப் பயிற்சியை நடத்திய தொண்டு நிறுவனத்துக்குப் புகார்களைப் பதிவு செய்ய ஒரு மென்பொருளை இலவசமாக எழுதித் தருவது. புகார் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு வா என்று என்னை அனுப்பினார்கள். புகார் என்றால் என்ன என்பது எனக்கு அதற்கு முன்பே தெரியும். எங்கள் குடும்பத்தில் அப்போது ஒன்று நடந்துகொண்டிருந்தது.

படாளத்தில் இருக்கும் என் பெரியம்மா மகளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், கூடப் பிறந்தவள் போலத்தான். அவள் கணவர், என் மாமா, வளைகுடா நாடு ஒன்றில் தண்ணீர் டேங்கர் ஓட்டினார். எந்த நாடு என்று சொல்லப்போவதில்லை, அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். கோடையில் ஒருநாள், ஏசி வேலை செய்யாத வண்டிகளை உச்சி வெயிலில் ஓட்ட மாட்டோம் என்று டிரைவர்கள் சாவிகளை மேலாளரின் மேசையில் வைத்துவிட்டார்கள். உங்களில் யார் பேசுவது என்று மேலாளர் கேட்டிருக்கிறார். மாமாவுக்கு இந்தி வரும், அரபியும் கொஞ்சம் வரும். அவர் பேசினார். அன்று மாலையே சீருடை அணியாத இருவர் அறைக்கு வந்து அவரை அழைத்துக்கொண்டு போனார்கள்.

இவ்வளவும் அறையில் உடன் தங்கியிருந்தவர் அனுப்பிய ஒரு குரல் செய்தியிலிருந்து எங்களுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. என்ன குற்றச்சாட்டு, எந்தச் சிறை, ஆள் இருக்கிறாரா இல்லையா, எதுவும் தெரியாது. நிறுவனம் அவர் வேலையை விட்டு ஓடிவிட்டதாகச் சொன்னது. தூதரகம் விஷயம் தங்கள் கவனத்தில் இருப்பதாகச் சொன்னது. மாதங்கள் போயின. விஷயம் கவனத்திலேயே இருந்தது. அக்கா விடுதலை கிடுதலை என்றெல்லாம் அப்போது பேசவில்லை. அவர் எங்கே இருக்கிறார் என்று யாராவது சொன்னால் போதும் என்றாள்.

அக்காவின் அப்பா, என் பெரியப்பா, மனு போடுவதில் கைதேர்ந்தவர். ஏரி மதகு உடைந்தால், ரேஷன் கடை திறக்காவிட்டால், நெடுஞ்சாலைக்காரர்கள் ஊருக்குள் திரும்பும் வழியை அடைத்தால், திங்கட்கிழமை செங்கல்பட்டில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் அவர் நிற்பார். எங்கள் பக்கத்து மனுவுக்கு ஓர் இலக்கணம் உண்டு. முதலில் பெறுநரைப் புகழ வேண்டும். பிறகு எதிராளியைத் திட்ட வேண்டும். பத்திரிகையில் வந்த செய்தியை வெட்டி, லேமினேஷன் செய்து, இணைக்க வேண்டும். கீழே நகல் என்று போட்டு, தாசில்தாரிலிருந்து டெல்லி வரை உள்ளவர்களை வரிசையாக எழுத வேண்டும், அப்போதுதான் ஒருவருக்குப் பயந்து இன்னொருவர் எடுப்பார். கடைசியில், இப்படிக்கு ஊர் பொதுமக்கள். யாருடைய பெயரும் இருக்காது. பெயர் இருந்தால் அந்தப் பெயர்க்காரன் வீட்டுக்கு ஆள் வரும். ஊர் பொதுமக்கள் வீட்டுக்கு யாரும் வர முடியாது.

முட்டாள்தனமான முறை என்று நான் சொல்லமாட்டேன். மதகு விஷயத்தில் அது வேலை செய்தது. ஆனால் பெரியப்பா அதே முறையில், ஐ.நா.வின் மனித உரிமைக் குழுக்கள் இருக்கும் ஜெனீவாவுக்கும் எழுதினார். நோட்டரியிடம் வேலை செய்யும் ஒருவரைப் பிடித்து ஆங்கிலத்தில் எழுத வைத்தார். அந்த நாட்டு அதிகாரிகளை அரக்கர்கள் என்றார். இணையத்தில் கிடைத்த எல்லாக் குழுக்களின் முகவரிகளுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்பி, ஒவ்வொன்றிலும் மற்ற எல்லாருக்கும் நகல் போயிருக்கிறது என்று பெருமையாகக் குறிப்பிட்டார். கீழே, ஊர் பொதுமக்கள், படாளம்.

பெரும்பாலானவர்கள் பதிலே போடவில்லை. ஓர் இடத்திலிருந்து, உங்கள் கடிதத்தைப் பரிசீலிக்க இயலாது என்று அச்சடித்த வாசகம் வந்தது, பொருந்தும் காரணங்களைப் பார்த்துக்கொள்ளவும் என்று ஒரு பட்டியலோடு. எந்தக் காரணம் எங்களுக்குப் பொருந்தும் என்று அவர்கள் குறிக்கவில்லை. அநேகமாக எல்லாமே பொருந்தியது. ஜெனீவாவிலிருந்து வந்த காகிதம் என்பதால் பெரியப்பா அதையும் லேமினேஷன் செய்தார். தன்னை நிராகரித்த கடிதத்தை மழையில் நனையாமல் பாதுகாக்கும் குடும்பம் வேறு எங்கும் இருக்காது.

அதனால் விடுதியில் திரையில் ஒவ்வொரு விதியாக வந்தபோது எனக்குப் புதிதாக எதுவும் இல்லை. பெரியப்பாவின் மனுவை யாரோ வரி வரியாகத் திருத்துவது போல இருந்தது. புகார் செய்பவருக்குப் பெயர் இருக்க வேண்டும். இழிவான சொற்கள் கூடாது. பத்திரிகைச் செய்தியை மட்டும் நம்பி வரக் கூடாது. வேறொரு சர்வதேச அமைப்பு ஏற்கெனவே எடுத்துக்கொண்ட விஷயமாக இருக்கக் கூடாது. தன் நாட்டில் உள்ள எல்லா வழிகளையும் முயன்று முடித்திருக்க வேண்டும். எழுதிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர், இவ்வளவு வேகமாக எழுதுகிறீர்களே, சட்டம் படித்தவரா என்றார். இல்லை, தள்ளுபடி செய்வதுதான் என் தொழிலும் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஒரு வித்தியாசம் மட்டும் எனக்கு உறுத்தியது. என் படிவம் ஒன்றைத் தள்ளினால், எந்தக் கட்டத்தில் என்ன தவறு என்று சிவப்பில் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் அது என் நிறுவனத்தில் குறையாகப் பதிவாகும், யாராவது உட்கார்ந்து சரிசெய்வார்கள். இணையத்தில் ஒரு சோப்பு வாங்குகிறவனுக்கு நாங்கள் தரும் மரியாதை அது.

முதல் நாள் சாயங்காலம் அக்காவுக்கு போன் செய்து சொன்னேன், ஜெனீவாவுக்கு அடிக்கடி போய்வரும் வக்கீல் ஒருவர்தான் பயிற்சி தருகிறார் என்று. மறுநாள் காலை அவள் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் மாறி மாறி வந்து விடுதி வாசலில் நின்றாள். செக்யூரிட்டி அவளை உள்ளே விடவில்லை. நான் ஓடிவந்தபோது இருவரும் உச்சத்தில் இருந்தார்கள்.

"லிஸ்ட்ல பேரு இல்லம்மா. நான் இன்னா பண்ண?"

"உள்ள எங்க தங்கச்சி கீறான்றேன். நான் இன்னா உங்க நாஸ்தாவ துன்றதுக்கா வந்தேன்?"

"யாரா இருந்தாலும் கழுத்துல அட்ட வோணும்மா."

"கழுத்துல தாலி கீது, பாரு. இது போதாதா?"

ஒருங்கிணைப்பாளரிடம் போய்க் கேட்டேன். மதிய உணவுக்கு எண்ணிக்கை கொடுத்தாகிவிட்டது என்றார். திரும்பி வந்து என் அட்டையைக் கழற்றி அக்காவின் கழுத்தில் மாட்டினேன். செக்யூரிட்டி அதைத் தூக்கிப் படித்துவிட்டு, "இப்ப கரெக்ட்டு, போங்க" என்றார். அட்டை இல்லாத என்னை அவர் ஒன்றும் கேட்கவில்லை. என்னைத்தான் நேற்றே பார்த்திருக்கிறாரே.

இறால் வறுவலைக் குத்திக்கொண்டிருந்த அந்த வக்கீல் சார் தேநீர் இடைவேளையில் கிடைத்தார். பருத்திச் சட்டை, நல்ல குரல். கெட்டவர் என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. அக்கா சுருக்கமாகவே சொன்னாள். எந்த நாடு என்று கேட்டார். சொன்னாள்.

"அவங்க அந்தக் கூடுதல் ஒப்பந்தத்துல சேரலையேம்மா" என்றார்.

"எதுல சார்?"

"தனி ஆள் புகார் கொடுக்கலாம்னு ஒரு ஒப்பந்தம். அதை ஏத்துக்கிட்ட நாட்டு மேலதான் அந்தக் கமிட்டிக்குப் புகார் போகும். நம்ம நாடும் ஏத்துக்கலை."

அக்கா விடவில்லை. "அடிச்சவன் சரின்னாதான் அடி வாங்கினவன் புகார் குடுக்க முடியுமா?"

"பிரமாதமா சொன்னீங்க" என்று சிரித்தார்.

"வேற ஒண்ணு கீதாமே சார், எல்லா நாட்டு மேலயும் போடலாம்னு தங்கச்சி சொல்லிச்சி."

"இருக்கு. ஆனா அது ஒரே ஆளுக்கு நடந்ததுக்கு இல்லம்மா. பலருக்குத் தொடர்ச்சியா, பெரிய அளவுல நடக்குதுன்னு காட்டணும். அதோட, அந்த நாட்டு கோர்ட்ல எல்லாப் படியும் ஏறிப் பார்த்திருக்கணும்."

"எந்த ஜெயிலுன்னே தெரியல. எந்தக் கோர்ட்டுப் படில ஏர்றது? எல்லா எடத்துலயும் தோத்துட்டு வந்தாதான் சேத்துப்பீங்களா?"

"அதுக்கு விதிவிலக்கு இருக்கு" என்று ஆரம்பித்தார். அதற்குள் மணி அடித்தது. அடுத்த அமர்வின் தலைப்பு, பாதிக்கப்பட்டவரை மையத்தில் வைத்தல். மையத்தில் வைக்க அவர் போய்விட்டார். பாதிக்கப்பட்டவள் என் அட்டையோடு சமோசா மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். பத்து நிமிடம் கழித்து ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டது. "அடித்தவன் சம்மதித்தால்தான் அடி வாங்கியவன் புகார் கொடுக்க முடியுமா என்று கிராமத்துப் பெண் ஒருவர் என்னிடம் கேட்டார்." அரங்கம் கைதட்டியது.

"என்னத்துக்குடி தட்றாங்க?" என்றாள் அக்கா.

"நீ நல்லா கேட்டியாம்."

"பதில் சொன்னாரா?"

சொல்லவில்லை. கடைசியில் எல்லாரும் கடலைப் பின்னால் வைத்துக் குழுப்படம் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்ததால், திரையில் கடைசிச் சில பக்கங்களை, "இதெல்லாம் உங்களுக்கு மின்னஞ்சலில் வரும்" என்று தள்ளிவிட்டார்கள்.

எங்களுக்கு வேண்டியது அந்தத் தள்ளிவிட்ட பக்கங்களில்தான் இருந்தது. சிங்கப்பெருமாள் கோயிலில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து படித்தேன். காரணமில்லாமல் அடைத்து வைக்கப்பட்டவர்களுக்காக ஜெனீவாவில் தனியாக ஒரு குழு இருக்கிறது. அதற்கு அந்த நாடு எந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது, எதில் சேரவில்லை என்ற கணக்கு கிடையாது. அந்த நாட்டு நீதிமன்றப் படிகளை முதலில் ஏறி விழுந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. ஒரே ஓர் ஆளுக்கு நடந்தாலும் எழுதலாம். கதவு என்று ஒன்று இருந்தது, அதைக் குழுப்படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் படாளம் போனேன். அக்கா வீட்டு முன்னறையில் மடிக்கணினியைத் திறந்தேன். பெரியப்பா தன் லேமினேஷன் காகிதங்களோடு வந்து எதிரே உட்கார்ந்தார். குழுவின் கேள்விகள் நீளமாக இருந்தன. கைது செய்தவர்கள் யார்? பிடியாணை காட்டினார்களா? எந்தச் சட்டத்தின் கீழ்? எங்கே வைத்திருக்கிறார்கள்? பாதிக் கேள்விகளுக்குத் தெரியாது, தெரியாது என்றே எழுதிக்கொண்டு போனேன். என் வேலையில் இத்தனை 'தெரியாது' வந்தால் படிவம் உள்ளே போகாது. இங்கே தெரியாது என்பதுதான் புகாரே. அதைப் புரிந்துகொள்ளும் ஒருவர் அந்தப் பக்கம் இருக்கிறாரா என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை.

நடந்ததை அக்கா சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன்.

"அந்தப் பொறம்போக்கு மேனேஜரு கீறான் பாரு, அவன்தான் போட்டுக் குடுத்தது."

எழுதியதைப் படித்துக் காட்டினேன். நிறுவனத்தின் மேலாளர் தகவல் அளித்திருக்கக்கூடும்.

"அவன ஏன்டி இவ்ளோ மரியாதையா எழுதுற? அவன் இன்னா நம்ம வூட்டு சம்பந்தியா?"

"திட்டினா வாங்க மாட்டாங்கக்கா."

"புடிச்சிகினு போனவனத் திட்டக் கூடாது. புடிச்சிகினு போகலாம். நல்லா கீதுடி உங்க ஜெனீவா."

அவள் சொன்னது சரிதான். துன்பப்படுகிறவன் நிதானமாகத் துன்பப்பட வேண்டும் என்பது எழுதப்படாத விதி அல்ல, எழுதியே வைத்திருக்கிறார்கள். மேலாளரும் அந்த இருவரும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றும் எங்காவது எழுதியிருக்கும், ஆனால் யாரும் அதைக் காட்டி அவர்களை வாசலில் நிறுத்தவில்லை.

கடைசியில் எழுதுபவர் யார் என்ற கேள்வி வந்தது. பெரியப்பா முன்னால் நகர்ந்தார்.

"ஊர் பொதுமக்கள்னு போடு."

"அப்படிப் போட்டா செல்லாது பெரியப்பா. ஓர் ஆளோட பேர் வேணும்."

"அப்போ எம் பேரப் போடு. பொம்பள பேரு எதுக்கு?"

"அவரு ஊர் பொதுமக்களுக்கா தாலி கட்டினாரு?" என்றாள் அக்கா. "எனக்குத்தான கட்டினாரு, நைனா? எம் பேரப் போடுடி."

பெரியப்பாவின் முகம் மாறியது. வீம்பு போய், உள்ளே இருந்த பயம் வெளியே வந்தது. "பேரு போனா, அங்க அவனப் போட்டு அடிப்பாங்கம்மா. நம்ம மேல காட்ட முடியாத கோவத்த அவன் மேல காட்டுவாங்க. அதுக்குத்தான் சொல்றேன்."

எழுதுபவரின் பெயரை அரசுக்குச் சொல்லமாட்டோம் என்று குழுவின் விதியில் இருந்தது. அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். எனக்கே அது வெட்கமாக இருந்தது. படாளத்தைச் சேர்ந்த ஒரு டிரைவருக்காக ஜெனீவாவுக்கு யார் எழுதியிருப்பார்கள் என்று கண்டுபிடிக்க ஓர் அரசாங்கத்துக்கு உளவுத்துறை தேவையா? எங்கள் தெரு நாய்க்கே அது தெரியும். அக்காவும் அதை நம்பவில்லை. நம்பாமலேதான் பெயரைக் கொடுத்தாள்.

அனுப்பிய பிறகு முதலில் வந்தது ஒரு கேள்வி. இதே விஷயம் வேறு அமைப்புகளிடமும் போயிருப்பதாகத் தெரிகிறதே, விளக்கவும். பெரியப்பாவின் நகல்கள்! கலெக்டர் ஆபீஸில் பத்துப் பேருக்கு நகல் போட்டால் பத்துப் பேரும் விழித்துக்கொள்வார்கள். ஜெனீவாவில் பத்துப் பேருக்கு நகல் போட்டால், இன்னொருவர் பார்த்துக்கொள்கிறார் என்று பத்துப் பேரும் நிம்மதியாகத் தூங்கலாம். ஒவ்வொரு குழுவாகத் தேடி, அந்தக் கடிதம் எங்கும் பதிவாகவில்லை, எங்கும் விசாரணையில் இல்லை என்று உறுதி செய்து எழுத எனக்கு ஒரு மழைக்காலம் போனது. பெரியப்பா கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "நகல் போடாத மனு ஒரு மனுவா?" என்றார்.

பிறகு, உங்கள் தகவல் அரசுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி வந்தது. அதன்பிறகு நீண்ட மௌனம். நான் நாவலூரில் படிவங்களைத் தள்ளுபடி செய்துகொண்டிருந்தேன். அக்கா நெல் அறுப்புக்கு ஆள் பிடித்தாள், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மாற்றினாள், போன் அடித்தால் ஓடினாள்.

ஒருநாள் அந்த நாட்டு அரசின் பதிலை எங்கள் கருத்துக்காக அனுப்பியிருந்தார்கள். அதை நான் அலுவலகக் கேன்டீனில் வைத்துப் படித்தேன். அவ்வளவு பண்பான ஒரு பொய்யை நான் அதுவரை படித்ததில்லை. மேற்படி நபரின் உரிமைகள் அனைத்தும் முழுமையாக மதிக்கப்படுகின்றன. உடல்நலம் நன்றாக உள்ளது. பொது ஒழுங்குக்கு எதிரான செயலுக்காக அவர் சட்டப்படி வைக்கப்பட்டிருக்கிறார். குடும்பத்தோடு பேச அனுமதி உண்டு. ஒரு கெட்ட வார்த்தை இல்லை. எந்தக் குழுவும் அதை வாசலில் நிறுத்த முடியாது. ஆனால் அதன் நடுவில், கவனக்குறைவாக விழுந்தது போல, ஒரு சிறையின் பெயர் இருந்தது.

அக்காவுக்கு அந்தப் பெயரை மட்டும் சொன்னேன். அவள் போனில் வரைபடத்தைத் திறந்து தேடினாள். மஞ்சள் மணலில் ஒரு செவ்வகம் வந்தது. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "உள்ளதான் கீறாரு" என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிட்டாள் என்று பெரியம்மா பிறகு சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். மாமாவின் குரல்தான்.

"நான் நல்லா இருக்கேன். இங்க நல்லா பாத்துக்கறாங்க."

"எப்பிடிகீற? அடிச்சாங்களா?"

"இல்ல. யாரோ வெளிநாட்டுக்கு எழுதியிருக்காங்களாம். அது தேவையில்ல. அதை வாபஸ் வாங்கிடச் சொல்லு."

"சாப்டியா?"

"சாப்பிட்டேன்."

"இன்னா சாப்ட?"

"நல்ல சாப்பாடு" என்றார். பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்டார், அவள் பதில் சொல்லும்போதே இணைப்பு போனது.

அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாப்பிள்ளையே சொல்லிட்டாரு. வாபஸ் வாங்கிடும்மா. எங்க கீறாருன்னு தெரிஞ்சி போச்சு, குரலும் கேட்டுட்டோம். இதுக்கு மேல அவங்கள நோண்டாத" என்றார்.

அவர் சொன்னதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. குழுவின் மின்னஞ்சல் என் பெட்டியில் இருந்தது: அரசின் பதிலுக்கு நீங்கள் கருத்துச் சொல்ல விரும்புகிறீர்களா? விலக்கிக்கொள்ள வேண்டுமானால் விலக்கிக்கொள்ளலாம். அக்காவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். தொடர்ந்தால், எல்லாவற்றையும் படித்துவிட்டு, இவரை அடைத்து வைத்தது சரியில்லை என்று குழு தன் கருத்தைச் சொல்லலாம். கருத்துத்தான், உத்தரவு கிடையாது. அந்த நாடு அதைக் கேட்கலாம், குப்பையிலும் போடலாம்.

"இவ்ளோ கேள்வி கேட்டுட்டு, கடசில கருத்துதான் குடுப்பாங்களா?"

"ஆமா."

"அதுக்கா இத்தினி விதி?"

"ஆமாக்கா."

தரையில் உட்கார்ந்தாள். பிறகு என்னிடம் அல்ல, பெரியப்பாவிடம் சொன்னாள். "நைனா, கடையில பால் பாக்கெட்டு வாங்கறதுக்கே நாலு கெட்ட வார்த்த பேசற மனுஷன் அது. இன்னிக்கி ஒண்ணு வந்திச்சா? என்னை அடியேன்னு கூப்டுச்சா? பக்கத்துல எவனோ நின்னுகினு பேச வச்சிகீறான்."

"அதத்தான் நானும் சொல்றேன். அவங்க கைல கீறாரு."

"இத்தினி மாசமா அவங்க கைலதான கீறாரு? அப்ப எதுக்கு போன் குடுக்கல? ஓடிப்போய்ட்டான்னு சொன்னவனுங்க, இப்போ ஆளக் கூட்டினு வந்து போன்ல நிக்க வைக்கிறானுங்க, வாபஸ் வாங்குன்றானுங்க. காயிதம் அவனுங்கள ஒண்ணும் பண்ணாதுன்னா வாபஸ் எதுக்குக் கேக்கறான்?"

"ஏதாவது ஆச்சின்னா?"

"ஆச்சின்னா நான்தான் பதில் சொல்லணும். எம் பேருதான கீது." அவள் நிற்கவில்லை. "வாபஸ் வாங்கினா மட்டும் விட்ருவானா? அப்பறம் எவன் கேப்பான் அவர?" என்னைப் பார்த்தாள். "எழுதுடி."

"என்ன எழுத?"

"எம் புருஷன் கெட்ட வார்த்த இல்லாம பேச மாட்டான், அன்னிக்கி ஒண்ணுகூட பேசலன்னு எழுது."

எழுதினேன். மனித உரிமைக் குழு ஒன்றுக்கு அனுப்பும் பதிலில் அதை எப்படி மரியாதையாகச் சொல்வது என்று வெகுநேரம் யோசித்தேன். பிறகு அவள் சொன்னபடியே ஆங்கிலத்தில் வைத்தேன், ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அவர் வழக்கமாகப் பேசும் நான்கு வார்த்தைகளையும் மட்டும் விட்டுவிட்டேன். அக்கா அதைக் கேட்டு, "அத்தயும் போட்டிருக்கலாம்" என்றாள்.

பெரியப்பா எழுந்து வெளியே போனார். அனுப்பட்டுமா என்று கேட்டேன். அக்கா தலையாட்டினாள். அனுப்பினேன்.

மாமா இன்னும் அந்தச் செவ்வகத்துக்குள்தான் இருக்கிறார். குழு இன்னும் தன் கருத்தைச் சொல்லவில்லை. போன் அதன்பிறகு ஒருமுறை வந்தது, அரை நிமிடம் கூட இல்லை. அந்த முறை அவர் வாபஸ் பற்றி எதுவும் பேசவில்லை. பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கடைசியில், இணைப்பு போவதற்குச் சற்று முன்னால், மெல்லிய குரலில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அக்கா அழுதாள். பெரியப்பா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.